சிவப்பு நூல், பச்சை நூல்

பதுளை
29.4.1954

அன்புள்ள தங்கச்சி லரீபாவுக்கு,

மடுல்சீமை பஸ் புறப்படும் முன்பு இதை எழுதி உங்கள் வீட்டுக்காரர் மர்ஸூக் நானாவின் கையில் கொடுக்க வேண்டும். ஆகவே கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். டொக்டர்மாரின் கையெழுத்தைப் பற்றி நீங்கள் சொல்லும் பகிடி எனக்குத் தெரியும்.

நானாவை இன்று என் கிளினிக்கிலிருந்து வீட்டுக்கு அனுப்புகிறேன். நோன்புக்கு முன்னர் கடைக்கு வெள்ளையடிக்கப்போய், பீப்பாவில் சுண்ணாம்புக் கல் கொதித்து அவருடைய இரண்டு கண்ணிலும் தெறித்ததே, அந்த நேரம் நீங்கள் யாருக்கும் காத்திராமல் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவினீர்கள். அதைச் செய்திராவிட்டால் இன்று நான் எழுத எதுவும் இருந்திராது. இனியும் வேலை உங்கள் கையில்தான்.

கருவிழிக்கு மேலே கண்ணாடி மாதிரி ஒரு படலம் இருக்கிறது. அதற்குள் இரத்தக் குழாய் கிடையாது. அதனால்தான் அதனூடாகப் பார்க்க முடிகிறது. சுண்ணாம்பு சுட்ட கண் ஆறும்போது, வெள்ளை விழியிலிருந்து சின்னச் சின்னக் குழாய்கள் அந்தக் கண்ணாடிக்குள் ஊர்ந்து வரப் பார்க்கும். வந்துவிட்டால் கண்ணாடி மங்கிப்போகும். அதைத் தடுக்கத்தான் இந்தச் சொட்டு மருந்து. இது மிகவும் புதியது. எனக்குப் படிப்பித்த பேராசிரியர் இங்கிலாந்திலிருந்து அனுப்பியிருக்கிறார்.

போத்தல் இரண்டு இருக்கிறது. சிவப்பு நூல் கட்டியது வலது கண்ணுக்கு. பால் மாதிரி இருக்கும், குலுக்கி ஊற்றுங்கள். பச்சை நூல் கட்டியது இடது கண்ணுக்கு. அது தெளிவாக இருக்கும். தையற்காரர் வீட்டில் நூலின் நிறத்தைக் குழப்ப மாட்டீர்கள் என்றுதான் இப்படிக் கட்டினேன். இரண்டு கண்ணும் ஒரே மாதிரிச் சுடப்படவில்லை, ஆகவே மருந்தும் வேறு வேறு. என்ன நடந்தாலும் ஒன்றை மற்றதற்கு மாற்ற வேண்டாம். இதில் மட்டும் நானாவின் பேச்சைக் கேட்காதீர்கள்.

இப்படிக்கு,
அன்புள்ள
சிதம்பரநாதன்


மடுல்சீமை
17.5.1954

டொக்டர் அவர்களுக்கு லரீபா எழுதுவது.

இறைவன் காவலில் நாங்கள் நலம். உங்கள் நலமும் அறிய ஆவல்.

உங்கள் நோயாளியைப் போல ஒருவரை நான் பார்த்ததில்லை. படுத்திருக்கச் சொன்னால் மெஷினுக்கு எண்ணெய் போடுகிறார். மெஷினுக்கு எண்ணெய் போட விடாவிட்டால் கத்தரிக்கோலைத் தீட்டுகிறார். கங்காணிமார் வந்து கோட்டுக்கு அளவு எடுக்கக் கேட்டால், கண்ணை மூடிக்கொண்டே கையால் முழம் போட்டுச் சொல்கிறார். அதையும் சரியாகத்தான் சொல்கிறார்.

இரண்டு விஷயம் கேட்க வேண்டும். ஒன்று, நோன்பு. சொட்டு ஊற்றினால் சற்று நேரத்தில் தொண்டையில் ருசி தெரிகிறதாம். சிவப்பு நூல் கசக்கிறதாம், பச்சை நூல் உப்புக் கரிக்கிறதாம். தொண்டைக்கு வந்தால் நோன்பு முறியுமோ என்று அவருக்குப் பயம். பள்ளிவாசல் லெப்பை, கண்ணில் ஊற்றுவதால் பாதகமில்லை என்று சொல்லிவிட்டார். இருந்தாலும் இவர் மனசு ஆறவில்லை. அதனால் நோன்பு திறந்த பிறகும் விடியுமுன் ஸஹர் சாப்பாட்டுக்கு முன்னரும் மட்டும் ஊற்றுகிறேன். அது போதுமா என்று எழுதுங்கள்.

மற்றது, இடது கண். வலது கண் நாளுக்கு நாள் தெளிகிறது, அல்ஹம்துலில்லாஹ். இடது கண்ணில் ஓரத்திலிருந்து சிவப்புக் கோடுகள் உள்ளே வருகின்றன. நீங்கள் சொன்ன குழாய்கள் அதுதானா? இவருடைய தங்கச்சி ஸவாஹிரா பெருநாளுக்குத் துணி தைக்க வந்தவள் பார்த்துவிட்டு, "நல்லா வேலை செய்யிறத விட்டுட்டு மற்றத ஏன் ஊத்துறீங்க மதினி, சிவப்பையே ரெண்டுக்கும் ஊத்துங்களேன்" என்றாள். இவரும் அதைப் பிடித்துக்கொண்டார். நான் விடவில்லை. நீங்கள் மாற்றச் சொன்னால் இன்றைக்கே மாற்றுவேன்.

பெருநாளைக்கு வட்டிலாப்பம் செய்வேன். போன வருடம் மாதிரி நீங்கள் வந்தால் சந்தோஷம். வராவிட்டால் பஸ்ஸில் கொடுத்து அனுப்புவேன்.

லரீபா


பதுளை
22.5.1954

அன்புள்ள தங்கச்சி,

காலையும் மாலையும் ஊற்றினால் போதும். நோன்பு பிடிக்கும் மனிதரை நோன்பு பிடிக்க விடுங்கள். அது மனசுக்கு மருந்து. தொண்டையில் தெரியும் ருசியைப் பற்றி யோசிக்க வேண்டாம். எல்லா மருந்துக்கும் ஒரு ருசி இருக்கும்.

இடது கண் பிந்தித்தான் ஆறும். கோடுகளைப் பார்த்துப் பயப்படாதீர்கள். ஸவாஹிரா நல்ல பிள்ளைதான், ஆனால் வைத்தியம் படிக்கவில்லை. மருந்தை மாற்றினால் இதுவரை செய்த அத்தனையும் பாழாகிவிடும். இதை நான் விளையாட்டாகச் சொல்லவில்லை. உங்கள் உறுதியைத்தான் நம்பியிருக்கிறேன்.

மாதம் ஒருமுறை நானாவைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். இரண்டு கண்ணையும் பார்த்துப் படம் வரைந்து வைக்கிறேன். வட்டிலாப்பத்தைப் பஸ்ஸில் அனுப்ப வேண்டாம். பசறை வளைவுகளில் அது என்னாகும் என்று எனக்குத் தெரியும். நானே வருவேன்.

சிதம்பரநாதன்


மடுல்சீமை
2.8.1954

டொக்டர் அவர்களுக்கு,

மழையில் மண் சரிந்து பாதை மூடியதால் இந்த முறை பதுளைக்கு வர முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

இடது கண் வெளுத்துவிட்டது. முதலில் சிவப்பாக வந்த இடமெல்லாம் இப்போது பாலாடை படிந்தது போல் இருக்கிறது. வலது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தால் வெளிச்சமும், ஆள் அசைவதும் மட்டும்தான் தெரிகிறதாம். ஊசிக்கு நூல் கோர்க்கும்போது ஊசி இருக்கும் இடம் ஒன்று, இவர் கை போகும் இடம் ஒன்று. ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் தெரியாது என்று அன்று நீங்கள்தான் சொன்னீர்கள். தீபாவளி வருகிறது. தோட்டமெல்லாம் துணியோடு வரும். வருடத்தில் எங்களுக்கு அடுப்பெரிவது அந்த ஒரு மாதத்துத் தையலில்தான் என்று உங்களுக்குத் தெரியும்.

போன வெள்ளிக்கிழமை இவர் என்னிடம் கெஞ்சினார். இந்த மனிதர் என்னிடம் எதற்கும் கெஞ்சியதில்லை. "அந்தச் சிவப்பு நூலை இந்தப் பக்கமும் ஒரு சொட்டு ஊத்து புள்ள, டொக்டருக்கு யாரு சொல்லப் போறா" என்றார். நான் முடியாது என்றேன். எழுந்து அவரே தேடினார். அதற்கு முன்பே நான் சிவப்புப் போத்தலை அரிசி டின்னுக்குள் மறைத்துவிட்டேன்.  பிறகு அவரே, "டொக்டர் காரணமில்லாமச் சொல்ல மாட்டார், நீ சரிதான்" என்று சொன்னார். அப்படிச் சொன்னபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

நான் கேட்பது ஒன்றுதான். இன்னும் நேரம் இருக்கிறதா? இருந்தால் மாற்ற விடுங்கள்.

நீங்கள் கொழும்புக்கு மாறிப்போவதாகக் கேள்விப்பட்டு, பெரிய டொக்டர்மார் முன்னால் பேசப்போகிற மனிதர் பழைய கோட்டோடு போகக் கூடாது என்று இவர் ஒரு கோட்டு தைத்திருக்கிறார். உங்கள் அளவு இவரிடம் இருக்கிறது. இடது தோள் கொஞ்சம் ஏறியிருக்கிறது. வேறு யாருக்கும் தெரியாது, இவருக்குத் தெரியும். அதை மூன்று தடவை பிரித்துத் தைத்தார். இதோடு அனுப்புகிறேன்.

லரீபா


கொழும்பு
30.8.1954

அன்புள்ள தங்கச்சி,

இங்கே வந்து தலை நிமிர நேரமில்லை, பதில் பிந்திவிட்டது. மருந்து இரண்டும் இதோடு வருகிறது. முன் போலவே ஊற்றுங்கள். இப்போது மாற்றுவதால் இடது கண்ணுக்கு ஒரு பயனும் இராது.

நானாவிடம் சொல்லுங்கள், அவர் தைத்த கோட்டைப் போட்டுக்கொண்டுதான் மேடை ஏறினேன். இரண்டு கண்ணின் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். மண்டபமே கை தட்டியது. இந்த மருந்து குழாய்களைத் தடுக்கிறது என்பதில் இனி ஒருவருக்கும் சந்தேகம் இருக்க முடியாது. இனிச் சுண்ணாம்பு தெறித்து வரும் எத்தனையோ பேருடைய கண் தப்பும். அதற்கு நானாவுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

சிதம்பரநாதன்


மடுல்சீமை
9.11.1954

டொக்டர் அவர்களுக்கு,

தீபாவளித் தையல் முடிந்தது. பாதித் துணி பதுளைத் தையற்காரர்களிடம் போனது. இவர் பிழையாக வெட்டிய இரண்டு கோட்டுத் துணியை நாங்களே ஈடு செய்து கொடுத்தோம்.

உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன் என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டு கண்ணுக்கும் மருந்து ஊற்றினோம். ஒன்று கெட்டது. கெட்டதையும் கொண்டுபோய்க் காட்டினால் மண்டபம் ஏன் மெச்ச வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. இவரிடம் கேட்டேன். "படிச்சவங்க எதையோ பார்த்திருப்பாங்க" என்றார்.

பிறகு ரம்ழானில் இவர் சொன்னது ஞாபகம் வந்தது. பச்சை நூல் போத்தலில் மிச்சமிருந்ததைப் பீங்கானில் ஊற்றி வெயிலில் வைத்தேன். தண்ணீர் வற்றி வெள்ளையாக ஒட்டியது. நாக்கில் வைத்துப் பார்த்தேன். அது என் அடுப்படியில் இருக்கும் உப்புத்தான். வேறொரு ருசியும் இல்லை.

நான் படிக்காதவள், பிழையாகவும் இருக்கலாம். பச்சை நூல் போத்தலில் மருந்து இருந்ததா? ஆம் என்றோ இல்லை என்றோ ஒரே சொல்லில் எழுதுங்கள்.

லரீபா


கொழும்பு
16.11.1954

அன்புள்ள தங்கச்சி லரீபாவுக்கு,

நீங்கள் கேட்ட கேள்விக்கு ஒரே சொல்லில் பதில் சொன்னால் நீங்கள் என்னைத் தவறாக விளங்கிக்கொள்வீர்கள். ஆகவே விளக்கமாக எழுதுகிறேன், பொறுமையோடு வாசியுங்கள்.

ஒரு புதிய மருந்து வேலை செய்கிறதா என்று எப்படி அறிவது? மருந்து ஊற்றிய கண் தெளிந்தால், அது மருந்தால் தெளிந்ததா, தானாகவே தெளிந்ததா? அதைச் சொல்ல, மருந்து ஊற்றாத கண் ஒன்று பக்கத்தில் இருக்க வேண்டும். வேறொருவருடைய கண் என்றால், காயம் வேறு, வயது வேறு, கழுவிய நேரம் வேறு என்று ஆயிரம் சொல்வார்கள். ஒரே மனிதரின் இரண்டு கண்ணும், ஒரே பீப்பாவின் சுண்ணாம்பால், ஒரே நொடியில், ஒரே அளவாகச் சுடப்படுவது மிக அரிது. முயல்களில் பார்த்திருக்கிறார்கள், ஆனால் முயல் வேறு மனிதன் வேறு. மருந்தும் அப்போது கொஞ்சம்தான் வந்திருந்தது. அதோடு, அந்த மருந்து கெடுதல் செய்யக்கூடும் என்றும் எனக்குப் பயம் இருந்தது. அப்படிச் செய்திருந்தால் இடது கண்தான் தப்பியிருக்கும். நீங்கள் அதை யோசிக்க வேண்டும்.

பச்சை நூல் போத்தலில் இருந்தது சுத்தமான உப்பு நீர். அது கண்ணுக்கு ஒரு தீங்கும் செய்யாது. நான் நானாவின் கண்ணைக் கெடுக்கவில்லை. கெடுத்தது சுண்ணாம்பு. ஒன்றை நான் காப்பாற்றியிருக்கிறேன். உங்களிடம் முன்பே சொல்லியிருந்தால் நீங்கள் சம்மதித்திருக்க மாட்டீர்கள். சம்மதித்தாலும் அன்பினால் மாற்றி ஊற்றியிருப்பீர்கள்.

நானாவுக்கு இதை எப்படிச் சொல்வது என்பதை உங்களிடமே விடுகிறேன்.

அன்புள்ள
சிதம்பரநாதன்


மடுல்சீமை
5.12.1954

டொக்டருக்கு,

ஒரு சொல் கேட்டேன். பக்கம் பக்கமாக வந்தது. அதற்குள் அந்த ஒரு சொல்லை நானே தேடி எடுக்க வேண்டியிருந்தது.

இனி என்னைத் தங்கச்சி என்று எழுத வேண்டாம். சொந்தத் தங்கச்சி வீட்டுக்காரரின் கண்ணாக இருந்தால் நூல் கட்டியிருப்பீர்களா? ஏப்ரலில் இரண்டு கண்ணும் ஒரே மாதிரிச் சுடப்படவில்லை என்று எழுதினீர்கள். இப்போது ஒரே அளவாகச் சுடப்பட்டது என்று எழுதுகிறீர்கள். இரண்டு கடிதமும் என் மடியில் இருக்கிறது. மருந்து கொஞ்சம்தான் இருந்தது என்கிறீர்கள். பிறகு மறுபடி மறுபடி வந்ததே, அப்போதும் பச்சைப் போத்தலில் உப்புத் தண்ணீர்தானே அனுப்பினீர்கள். கோடுகள் வருகிறது என்று நான் எழுதியபோது நீங்கள் பயப்படவில்லை. அது வர வேண்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தீர்கள். மாதம் ஒருமுறை எங்களை வரவழைத்துப் படம் வரைந்தீர்கள். நாங்கள் பெருநாளைக்கு உங்களுக்குச் சோறு போட்டோம்.

இவர் ஒரு கோட்டு தைத்தால் ஒரு கையை ஒழுங்காகத் தைத்துவிட்டு மற்றதை நூலோட்டி மட்டும் கொடுப்பாரா? கொடுத்துவிட்டு, எந்தக் கை கிழிகிறது என்று பார்ப்போம் என்பாரா?

எனக்கு எல்லாவற்றிலும் பெரிய வேதனையைச் சொல்கிறேன். நீங்கள் ஊற்றவில்லை. நான் ஊற்றினேன். கெஞ்சியவருக்கு முடியாது என்று சொன்ன வாய் என்னுடையது. அரிசி டின்னுக்குள் மறைத்த கை என்னுடையது. என் உறுதியை நம்பியிருக்கிறேன் என்று எழுதினீர்கள், அதை வைத்தே என்னை ஏமாற்றினீர்கள். இவரிடம் இதைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. இவர் இன்னும் உங்களுக்காகத் துஆ கேட்கிறார்.

என் தம்பி நிஸாம் கொழும்பில் புறக்கோட்டையில் இருக்கிறான். இப்போது அந்த மருந்து அங்கே மருந்துக்கடையில் கிடைக்கிறதாம், வாங்கி அனுப்புகிறான். இடது கண்ணுக்கும் ஊற்றிப் பார்த்தேன். பிந்திவிட்டது. அதனால் வலது கண்ணுக்கு மட்டும் விடாமல் ஊற்றுகிறேன். இருப்பது அந்த ஒன்றுதான். உங்கள் மருந்தும் வேண்டாம், கடிதமும் வேண்டாம்.

லரீபா மர்ஸூக்


கொழும்பு
11.7.1955

திருமதி மர்ஸூக் அவர்களுக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். எழுதாமல் இருந்தேன். இப்போது எழுதாமல் இருக்க முடியவில்லை.

நீங்கள் இன்னும் அந்தச் சிவப்பு நூல் மருந்தை நானாவுக்கு ஊற்றுகிறீர்கள் என்றால், இன்றோடு நிறுத்திவிடுங்கள். குழாய்கள் வரும் காலம் தாண்டிவிட்டது, இனி அது தேவையில்லை. நீண்ட நாள் ஊற்றிய இரண்டு பேரை இங்கே பார்த்தேன். கண்ணாடி பளிச்சென்று இருக்கிறது, ஆனால் கண்ணுக்குள் நீரின் அழுத்தம் ஏறி, பின்னால் இருக்கும் நரம்பு செத்துக்கொண்டு போகிறது. வலி இராது. பார்வை ஓரத்திலிருந்து சுருங்கும். விளக்கைச் சுற்றி வட்டம் தெரியும். பக்கத்தில் இருப்பதில் போய் இடித்துக்கொள்வார்கள். போன பார்வை திரும்பாது, ஆனால் நேரத்தோடு நிறுத்தினால் மிச்சத்தைக் காப்பாற்றலாம்.

தயவுசெய்து அவரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். என்னிடம் வர மனமில்லாவிட்டால் பதுளையிலே வேறு டொக்டரிடம் காட்டி, அழுத்தம் அளக்கச் சொல்லுங்கள்.

சிதம்பரநாதன்


மடுல்சீமை
24.7.1955

டொக்டருக்கு,

இந்தக் கடிதம் எந்தக் கண்ணுக்காக எழுதியது? ஊற்றிய கண்ணையும் ஊற்றாத கண்ணையும் பார்த்து முடித்துவிட்டீர்கள். இனி, ஊற்றி நிறுத்திய கண் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசையா? அதற்கும் ஒரு படம் வரைய வேண்டுமா?

அன்று, மாற்றினால் அத்தனையும் பாழாகிவிடும் என்று எழுதியதும் இதே கைதான். அதே மாதிரிதான் பயம் காட்டினீர்கள். அன்றைக்கு நம்பினேன்.

விளக்கைச் சுற்றி வட்டம் தெரிகிறதாம், உண்மைதான். மடுல்சீமையில் இந்த மாதத்தில் மூடுபனி வீட்டுக்குள்ளேயே வந்து நிற்கிறது. எனக்கும்தான் லாம்பைச் சுற்றி வட்டம் தெரிகிறது. போன வாரம் இவர் வாசற்காலில் இடித்துக்கொண்டார். ஒரு கண் இல்லாதவர் இடிக்காமல் என்ன செய்வார்? அந்த ஒரு கண்ணை இல்லாமல் ஆக்கியது யார்?

இவர் இப்போது நன்றாகத் தைக்கிறார். நேராகப் பார்த்தால் ஊசிக் காது தெரிகிறது என்கிறார். இந்தத் தீபாவளிக்குத் துணி எதையும் பதுளைக்கு விடப்போவதில்லை. எங்களை எங்கள் பாட்டில் விடுங்கள்.

லரீபா மர்ஸூக்


பதுளை
21.8.1955

திருமதி மர்ஸூக் அவர்களுக்கு,

நேற்று உங்கள் வாசலுக்கு வந்தேன். அவர் லுணுகலைக்குப் போய்விட்டார், எப்போது வருவார் என்று தெரியாது என்றீர்கள். கதவைப் பாதி திறந்து, ஒரு கையால் பிடித்தபடியே நின்றீர்கள். உள்ளே மெஷின் ஓடும் சத்தம் எனக்குக் கேட்டது. கேட்டது என்று சொல்ல வாயெடுத்தேன். பொய் சொல்கிறீர்கள் என்று உங்களிடம் சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கிறது என்று திரும்பிவிட்டேன். அது பிழை. நான் கூப்பிட்டிருக்க வேண்டும். நானா என் குரலைக் கேட்டிருந்தால் எழுந்து வந்திருப்பார்.

அழுத்தம் அளக்கும் கருவி என் பையில்தான் இருந்தது. பஸ் வரும் வரை சந்தியிலே, தேத்தண்ணிக் கடையில் இருந்தேன். நீங்கள் யாரையாவது அனுப்புவீர்கள் என்று நினைத்தேன்.

நானா தைத்த கோட்டை அந்தக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு வந்தேன். அதை இனி நான் போடுவது சரியில்லை.

கேட்கிறேன், இந்த ஒரு தடவை மட்டும் நம்புங்கள். என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. சிவப்பு நூலை நிறுத்துங்கள்.

சிதம்பரநாதன்


மடுல்சீமை
8.3.1956

டொக்டர் அவர்களுக்கு,

தீபாவளிக்கு முந்திய கிழமை இவர் ஒரு சட்டையை மெஷினில் வைத்துவிட்டு, "லாம்பை ஏன் அணைச்ச" என்று கேட்டார். அப்போது பகல். லாம்பு ஏற்றியிருக்கவில்லை.

பதுளைக்குக் கொண்டுபோனோம். அங்கே இருக்கும் டொக்டர் வலது கண்ணை அளந்து பார்த்துவிட்டு, இவ்வளவு நாள் எங்கே இருந்தீர்கள் என்று என்னிடம் கத்தினார். கண்ணாடி எவ்வளவு தெளிவாக இருக்கிறது, உள்ளே ஒன்றும் இல்லை என்றார். நீங்கள் எழுதியதை அப்படியே, சொல்லுக்குச் சொல் அவர் சொன்னார். அழுத்தத்தை இறக்கக் கண்ணை அறுத்துப் பார்த்தார்கள். ஒன்றும் வரவில்லை. இப்போது இவருக்கு இருப்பது இடது கண்தான், நீங்கள் உப்புத் தண்ணீர் ஊற்றச் சொன்ன கண். அதில் வெளிச்சம் தெரிகிறது. ஆள் அசைவது தெரிகிறது.

எல்லாவற்றையும் இவரிடம் சொன்னேன். பச்சை நூலைச் சொன்னபோது கடைசி வரை கேட்டார். நீங்கள் உப்புத் தண்ணீர் தந்ததற்குக்கூட ஒரு வார்த்தை ஏசவில்லை. நீங்கள் வந்த அன்று நான் பொய் சொல்லி அனுப்பியதைச் சொன்னபோதுதான் முகம் மாறியது. "நான் உள்ளதானே இருந்தேன் லரீபா. மெஷினை நிப்பாட்டுங்கண்டு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் எந்திரிச்சு வந்திருப்பேனே" என்றார்.  இப்போது பள்ளிவாசலுக்குப் போக என் கையைப் பிடிப்பதில்லை. ஸவாஹிராவின் மாப்பிள்ளை வரும் வரை வாசலில் காத்துக்கொண்டு இருக்கிறார்.

உங்கள் மேல் எனக்கு இருந்த கோபம் குறையவில்லை. நீங்கள் ஒரு தடவை பொய் சொல்லியிராவிட்டால், அடுத்த தடவை உண்மை சொன்னபோது நான் கதவைத் திறந்திருப்பேன். வலது கண்ணையும் நீங்கள்தான் கெடுத்தீர்கள், என் கையாலேயே. இதைத் தவிர வேறு விதமாக எனக்கு யோசிக்கத் தெரியவில்லை. யோசித்தால் என்னால் சோறு தின்ன முடியாது.

இருந்தும் உங்களிடமே கேட்க வேண்டி வந்துவிட்டது. கொழும்பிலே, இறந்துபோனவரின் கண்ணிலிருந்து அந்தக் கண்ணாடியை மட்டும் எடுத்து வேறொருவருக்கு வைத்துத் தைக்கிறார்களாம், நிஸாம் சொன்னான். இவருடைய இடது கண்ணுக்கு அப்படி வைத்தால் பார்வை வருமா? கண்ணுக்குள் நரம்பு நன்றாக இருக்கிறது என்று பதுளை டொக்டரும் சொல்கிறார். ஆனால் இடது கண்ணைச் சுட்ட நாள் முதல் பார்த்தவர் நீங்கள்தான், உங்களிடம் கேட்கச் சொன்னார். இவரும், அவரிடமே கேள் என்றார். வைக்க முடியும் என்றால் எங்கே வேண்டுமானாலும் கூட்டிக்கொண்டு வருவேன். உங்களிடமே வருவேன்.

பழையபடி ஒரே சொல்லில் எழுதுங்கள்.

லரீபா


கொழும்பு
14.3.1956

லரீபா அவர்களுக்கு,

முடியாது.

கேட்டது ஒரு சொல், அதை மேலே எழுதிவிட்டேன். ஏன் என்று தெரிந்துகொள்ள உங்களுக்கு உரிமை இருக்கிறது. குழாய் ஏறிய கண்ணில் வேறொருவரின் கண்ணாடியை வைத்தால், அந்தக் குழாய்கள் அதற்குள்ளும் புகுந்து மங்க வைத்துவிடும். குழாய் இல்லாத கண்ணில் வைத்துத் தைத்தவைதான் தெளிவாக இருக்கின்றன. அந்தக் கண்ணுக்கு ஆரம்பத்திலேயே மருந்து ஊற்றியிருந்தால் இன்று வைத்திருக்கலாம்.

சிதம்பரநாதன்


மடுல்சீமை
27.3.1956

டொக்டர் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. இவருக்கு வாசித்துக் காட்டினேன். முதல் சொல்லை வாசித்ததும் போதும் என்றார். மிச்சத்தை நான் மட்டும் வாசித்தேன்.

இந்த முறை நம்புகிறேன்.

உங்கள் கோட்டு தேத்தண்ணிக் கடையிலிருந்து வந்து இங்கேதான் கிடக்கிறது. இவர் தடவிப் பார்த்து, இடது தோளைப் பிரித்து வைத்திருக்கிறார். திரும்பத் தைக்க முடியவில்லை. எனக்கும் அந்தத் தையல் தெரியாது. பதுளைப் பக்கம் யாராவது வந்தால் அனுப்புங்கள், பிரித்தபடியே கொடுத்துவிடுகிறேன்.

லரீபா